இரண்டு விரற்கடை

என் கோபக்காரிக்கு,

நீ மகள் வீட்டுக்குப் போய் இருபது நாள் ஆகிறது. கேட்பவர்களிடம் எல்லாம், பேத்தியைப் பார்க்கப் போயிருக்கிறாய் என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

நம் உள்விளையாட்டரங்கத்துக்கு நாற்பது வயதாகிறது. அதன் வரலாற்றைப் புத்தகமாகப் போடுகிறார்கள். எத்தனை பந்தயம், எத்தனை பாட்டுக் கச்சேரி என்றெல்லாம் கேட்டு எழுதிக்கொண்ட பெண், திறப்பு விழா பேட்மிண்டன் இறுதி ஆட்டத்தைப் பற்றியும் கேட்டாள். கடைசிப் பந்து கோட்டுக்கு வெளியே விழுந்து நீ தோற்றதைச் சொன்னேன். "கோடே தப்பு!" என்று மட்டையோடு வந்து, கோட்டைப் போட்டவன் நான் என்று என் சட்டையைப் பிடித்ததையும் சொன்னேன்.

விழுந்து விழுந்து சிரித்தாள். "அப்புறம் அளந்து பாத்தீங்களா சார்?"

அளக்கவே இல்லையே! கல்யாணம்தான் பண்ணிக்கொண்டேன்.

நேற்று டேப்போடு போய் நாலு தடவை அளந்தேன். கோடு இரண்டு விரற்கடை உள்ளே தள்ளி இருக்கிறது. அன்று டேப்பின் மறுமுனையைப் பிடிக்க ஆளில்லாமல் பெயிண்ட் டப்பாவை மேலே வைத்திருந்தேன். அது நகர்ந்திருக்கிறது. வருடா வருடம் அதே கோட்டின் மேலேயே பெயிண்ட் அடித்திருக்கிறேன்.

உன் பந்து உள்ளேதான் விழுந்தது. நீதான் ஜெயித்தாய். ஆளில்லாத அரங்கத்தில் நின்று கை தட்டினேன். மூவாயிரம் பேர் தட்டியது போல எதிரொலித்தது.

"தப்பு என்னோடதுன்னு ஒரு தடவையாவது சொல்லியிருக்கீங்களா?" என்று செருப்பை மாட்டிக்கொண்டே கேட்டாயே. சொல்லிவிட்டேன். புத்தகத்திலும் அச்சாகிறது.

திங்கட்கிழமை அந்தக் கோட்டை அழித்துப் புதிதாகப் போடுகிறேன். இனி பெயிண்ட் டப்பாவை நம்புவதாக இல்லை. மறுமுனையைப் பிடிக்க நீ வா.

இப்படிக்கு,
நாற்பது வருடமாக அளக்காமல் இருந்தவன்