காலியாகத் தெரிந்த கோப்புறை

அன்புத் தங்கைக்கு,

அண்ணன் எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் சுகமென்று நம்புகிறேன். போனில் பேச எனக்கு முகமில்லை, அதனால்தான் கடிதம்.

ஸ்டுடியோ ஏதோ ஓடுகிறது. உன் அண்ணிக்கு முட்டி வலி குறைந்திருக்கிறது. என்னோடு பேசுவதும் குறைந்திருக்கிறது. காரணம் உனக்குத் தெரியும்.

அப்பா எடுத்த படங்களையெல்லாம் இணையச் சேமிப்பில் ஏற்றி, கடையின் லினக்ஸ் கணினியில் ஒரு கோப்புறையாகத் திறக்கும்படி வைத்துவிட்டுப் போனாய். போன மாதம் ஒருநாள் காலை அதைத் திறந்தேன். ஒரு படம்கூட இல்லை. கடைப் பலகையிலிருந்து அப்பா பெயரை நான் எடுத்த கோபத்தில் நீதான் அழித்துவிட்டாய் என்று முடிவுகட்டினேன்.

போனில் கத்தினேன். கத்தாம ஸ்கிரீன்ல என்ன எழுதியிருக்குன்னு படிண்ணா என்றாய். படிக்கவில்லை. இனி இந்த வாசற்படி மிதிக்காதே என்று சொல்லி வைத்துவிட்டேன். சித்தப்பா வீடுவரை போய் உன்னைத் தூற்றிவிட்டும் வந்தேன்.

நேற்று பழுது பார்ப்பவர் வந்தார். முதல் வேலையாகத் திரையில் இருந்ததைப் படித்தார். இணையச் சேமிப்புத் தளத்தின் பாதுகாப்புச் சான்றிதழுக்குக் காலம் இன்னும் தொடங்கவில்லை என்றிருந்ததாம். கணினியின் தேதி பதினொரு வருடம் பின்னால் நின்றது. பிளக்கைப் பிடுங்கியிருக்கும்போது தேதியைக் காக்கிற, உள்ளிருக்கும் சின்ன பேட்டரி தீர்ந்துவிட்டதாம். நேரம் தானாகச் சரியாகும் வசதியையும் நான் எதையோ அழுத்தி நிறுத்தியிருக்கிறேன். தேதி தப்பானால் கணினி சான்றிதழை நம்பாதாம், நம்பாவிட்டால் இணைக்காதாம். இணையாதவரை கோப்புறை காலியாகத்தான் தெரியுமாம்.

தினமும் பிளக்கைப் பிடுங்குவீங்களா சார் என்று கேட்டார். இல்லை என்று பொய் சொன்னேன். பிடுங்காதே என்று நீ ஒட்டிய சீட்டு அவர் கண்ணெதிரே இருந்தது.

பேட்டரி மாற்றி, தேதியைத் திருத்தியதும் எல்லாப் படங்களும் வந்தன. கூடவே புதிதாக ஒன்று. அம்மா அப்பா கல்யாணப் படத்தில் கறை தின்ற அம்மா முகத்தை மீட்டு ஏற்றியிருக்கிறாய். தேதியைப் பார்த்தேன். நான் உன்னைத் திட்டியதற்கு மறுநாள். வெட்கம் பிடுங்கித் தின்கிறது தங்கச்சி.

சித்தப்பாவிடம் போய் உண்மையைச் சொன்னேன். காபி கொடுத்துவிட்டு, குடித்து முடிக்கும்வரை திட்டினார். பலகையில் அப்பா பெயரை மறுபடி எழுத வெள்ளிக்கிழமை ஆள் வருகிறார்.

மிதிக்காதே என்ற அதே வாயால் கேட்கிறேன், வா. மனம் வராவிட்டால் அந்தக் கோப்புறையில் ஒரு படமாவது போடு. காலையில் திறந்ததும் அதைத்தான் தேடுவேன்.

நீ நன்றாக இரு. பிளக்கை இப்போது பிடுங்குவதில்லை.

உன் அண்ணன்