கூரான வாள் ஒன்று

செப்டம்பர் 4, புதன்
காலை டிராம் ஓட்டினேன், நான்காம் தடம். பில்சன் நகர் முழுக்க மழை. மாலை வாள் பயிற்சிக்குப் போனேன். கிளப்பின் ஒரே கூர்வாள் விளிம்பெல்லாம் பல்லிளித்துவிட்டதாம். சுருட்டிய பாயை வெட்டிப் பழக வேண்டுமென்றால் அவரவர் சொந்தமாக ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள் என்றான் ஹினெக், எங்கள் பயிற்சியாளன். கையைத் தூக்கினேன். ஏன் தூக்கினேன்? தெரியவில்லை.

செப்டம்பர் 7
இணையத்தில் பார்த்தேன். ஒன்று ஒல்லியாக, அழகாக இருந்தது. படத்தை ஹினெக்குக்கு அனுப்பினேன். "இது குத்துற வாள். பாய்ல பாதியில மாட்டிக்கும். அலகு அகலமா, மெல்லிசா இருக்கறதா பாருங்க. பிடி அழகைப் பார்த்து ஏமாறாதீங்க" என்றான். மலிவாக இன்னொன்று. கடப்பாரை கனம். விளிம்பு வெண்ணெய்க் கத்தி மாதிரி. நாமே தீட்டிக்கொள்ள வேண்டுமாம்.

செப்டம்பர் 9
தங்கை ராத்கா போன் செய்தாள். வாள் வாங்கப்போவதைச் சொன்னேன்.
"அக்கா, கூரா இருக்கறது எதுக்கு இப்ப? இத்தனை வருஷம் மழுங்கல் வாளை வெச்சுத்தானே ஆடினே?"
"வெட்டிப் பழகத்தான்."
"எதை?"
"நனைச்சுச் சுருட்டின பாயை."
என்ன நினைக்கிறாள் என்று தெரியும். ஜனவரியில் என் கணவர் போரெக் இறந்தபோது நான் அழவில்லை. இறுதிச் சடங்கில் வந்தவர்களுக்கெல்லாம் காபி ஊற்றிக்கொடுத்தேன். மறு வாரமே டிராம் ஓட்டினேன். அவள் கண்ணுக்கு அது சரியாகப் படவில்லை. என் கண்ணுக்கு எதுவுமே எப்படியும் படவில்லை.

செப்டம்பர் 10
வேலை. சூப். தூக்கம்.

செப்டம்பர் 14, சனி
ஹினெக்கின் காரில் ரோகிட்சானி போனோம். ஸ்திபோர் என்பவர் தோள்பட்டை போய்விட்டதால் வாளை விற்கிறார். ஹினெக் அதைக் காதருகே வைத்து ஆட்டினான். பிடி கடகடக்கவில்லை. பிடியின் கடைசியிலுள்ள குமிழை உள்ளங்கையால் தட்டி, அலகு எங்கே அதிர்கிறது என்று பார்த்தான். "கையில பிடிச்சுப் பாருங்க. முனை கீழ இழுக்குதா?" இழுக்கவில்லை. எட்டாயிரம் கொருனா. புதியதில் பாதி விலை கூட இல்லை.

"எஃகு கொஞ்சம் இளசு. தப்பா அடிச்சா வளையும், ஆனா உடையாது" என்றார் ஸ்திபோர்.

திரும்பும் வழியில் ஹினெக் காரை ஓரமாக நிறுத்தினான்.
"சுத்தி வளைக்காம கேக்கறேன். இதால உங்களையே ஏதாவது செஞ்சுக்கற எண்ணம் இருக்கா?"
"இல்ல. எந்த எண்ணமும் இல்ல. சாகணும்னும் இல்ல, வேறெதுவும் இல்ல."
"சரி. வாள் இப்போதைக்குக் கிளப் அலமாரியில இருக்கட்டும். சாவி என்கிட்ட. நீங்க ஒரு டாக்டரைப் பாருங்க."
என் மகன் வயதுகூட இருக்காது. கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. பார்க்கிறேன் என்றேன்.

செப்டம்பர் 24
டாக்டரம்மாவைப் பார்த்தேன். நிறையக் கேட்டார். மறுபடி வரச் சொன்னார். போவேன்.

அக்டோபர் 12
முதல் வெட்டு. பாய் சாய்வாக அறுந்தது. மேல் துண்டு ஒரு நொடி அப்படியே நின்றுவிட்டு வழுக்கி விழுந்தது. எல்லோரும் கை தட்டினார்கள். அலகைத் துடைத்து எண்ணெய் போட்டேன். அவ்வளவுதான்.

நவம்பர் 9, சனி
ராத்கா கிளப்புக்கு வந்தாள், கூப்பிடாமலே. வேவு பார்க்கத்தான். கசகசா பன் ஒரு பெட்டி நிறைய. நான் வெட்டுவதைப் பார்த்துக்கொண்டே இருந்தவள், "எனக்கும் ஒரு வெட்டு" என்றாள். ஹினெக் எல்லோரையும் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டுத் தலையாட்டினான்.

பேஸ்பால் மட்டை மாதிரி வீசினாள். அலகு படுக்கையாகத் திரும்பிப் பாயில் வழுக்கி, அதைத் தாங்கிய கட்டைத் தூணில் மோதியது. என் வாள் வளைந்துவிட்டது. வாழைப்பழம் போல.

கத்தினேன். "கண்ணு எங்கடி வெச்சிருக்கே? சின்ன வயசிலேர்ந்து இதே புத்தி, என் பொருள்னா உடைக்கணும்! சைக்கிள், ரேடியோ, இப்ப இது! கூப்பிட்டேனா உன்னை? எல்லாரும் என்னை வேவு பாருங்க, எல்லாரும் சாவிய வெச்சுக்கோங்க! அவரு மட்டும் என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லாம போயிடட்டும்—"

ராத்கா வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். பயந்துவிட்டாளோ என்று பார்த்தேன். இல்லை. "திட்டுக்கா" என்றாள். "இன்னும் திட்டு. பத்து மாசமா உன் குரலையே கேக்கலை."

திட்டினேன். தொண்டை கட்டும்வரை.

ஹினெக் அலகைக் கட்டையில் வைத்து அழுத்தி நிமிர்த்தினான். லேசான வளைவு இன்னும் இருக்கிறது என்றேன். "வெட்டும்" என்றான்.

நவம்பர் 10
இன்னும் கோபம் போகவில்லை. காலையில் அவளுக்குப் போன் செய்து அதையே சொன்னேன். பிறகு போரெக் மேலும் கோபம் என்றேன். அவள் கேட்டுக்கொண்டே இருந்தாள். வெகுநேரம் ஆகிவிட்டது, வேலைக்கே தாமதம்.

அடுத்த சனிக்கிழமை வரச் சொல்லியிருக்கிறேன். முதலில் வாளைப் பிடிக்கக் கற்றுக்கொள்ளட்டும். பிளாஸ்டிக்தான் கொடுப்பேன்.