துணைப்பாடம்: கெமிஸ்ட்ரியா, பிசிக்ஸா?

7 ஜூலை, திங்கள்

பி.எஸ்சி. கணிதம், முதல் வாரம். துணைப்பாடமாக பிசிக்ஸ் அல்லது கெமிஸ்ட்ரி எடுக்க வேண்டுமாம். இரண்டு வகுப்பிலும் உட்கார்ந்து பார்த்துவிட்டு வெள்ளிக்கிழமை பெயர் கொடுக்கலாம். எனக்கு என்ன யோசனை? கெமிஸ்ட்ரி! விருதுநகர்க் கல்லூரியிலிருந்து எங்கள் ஊர் நாரணாபுரம் வரை பஸ்ஸில் தனியாகச் சிரித்துக்கொண்டே வந்தேன்.

அம்மா பட்டாசுக் கம்பெனி வேனிலிருந்து இறங்கியதும் சொன்னேன். "நான் மருந்துல கெடந்து சாகுறது போதும். நீ பிசிக்ஸ் எடு. அதுல என்ன, லைட்டு எரியும், ஃபேன் சுத்தும்." பட்டாசுக்குள் போடும் பொடி எல்லாமே எங்கள் ஊரில் மருந்துதான். அம்மாவுக்குக் கெமிஸ்ட்ரியும் அதுதான்.

8 ஜூலை

பிசிக்ஸ் வகுப்பு. நூலில் குண்டைக் கட்டி ஆடவிட்டார்கள். பிடிக்கக் கூடாது என்றே போனேன். பிடித்துவிட்டது. சே!

9 ஜூலை

ஐயோ, எழுதும்போதே சிரிப்பு வருகிறது.

கெமிஸ்ட்ரி லேப். நானும் எங்கள் தெரு மாரிச்செல்வியும் செருப்பை வாசலிலேயே கழற்றிவிட்டோம். மருந்து இருக்கிற அறைக்குள் செருப்போடு போனால், உரசித் தீப்பிடித்துவிடும் என்று எங்கள் ஊரில் உதை விழும். அருணாதேவி மேடம், "ஏம்மா, ஆசிட் கால்ல விழுந்தா? போட்டுட்டு வாங்க" என்றார். போட்டுக்கொண்டு வந்தோம். மேசையில் வரிசையாகப் பொடி டப்பாக்கள். அதற்குப் பக்கத்திலேயே மேடம் பர்னரைப் பற்ற வைத்தார்!

அவ்வளவுதான். "தீ வைக்காக, ஓடுங்கலே!" என்று கத்தி, மாரிச்செல்வியை இழுத்துக்கொண்டு சைக்கிள் ஷெட் வரை ஓடிவிட்டேன். திரும்பினால் ஆமத்தூர், சிவகாசி என்று பட்டாசு ஊர்ப் பிள்ளைகள் எல்லாம் பின்னால் மூச்சிரைக்க நிற்கிறார்கள். மற்ற ஊர்க்காரர்கள் ஜன்னலில் நின்று சிரிக்கிறார்கள். மானம் போச்சு!

மெதுவாகத் திரும்பிப் போனோம். கம்பி நுனியில் துளி உப்பைத் தொட்டுத் தீயில் காட்டினார் மேடம். ஸ்ட்ரான்ஷியமாம். சிவப்பு! சத்தமில்லை, புகையில்லை, வெறும் சிவப்பு. எனக்குக் கை தட்ட வேண்டும் போல் இருந்தது. பிசிக்ஸே, மன்னித்துவிடு.

10 ஜூலை

ஆனால் அம்மா? சொல்லாமல் எடுத்துவிடலாமா? ம்ஹூம், என் முகமே காட்டிக்கொடுத்துவிடும். சரி, பிசிக்ஸ்தான். குண்டு ஆடட்டும். அழுகை அழுகையாக வருது.

சாயங்காலம் மாரிச்செல்வி வந்து நான் ஓடிய ஓட்டத்தையும், அந்தச் சிவப்பைப் பார்த்து வாயைப் பிளந்ததையும் அம்மாவிடம் நடித்தே காட்டிவிட்டாள், பாவி. அம்மா சிரிக்கவில்லை.

"நெசமாவே நீதான் மொதல்ல ஓடுனியா?"

"ஆமாம்மா."

"யாரும் சொல்லாமலா?"

"யாரும் சொல்லல."

அம்மா கையிலிருந்த தூக்குவாளியைக் கீழே வைத்தாள். "படிச்ச திமிருல பயத்த விட்டுருவியோன்னுதான் புள்ள நான் கெடந்து அடிச்சுக்கிட்டேன். ஓடத் தெரியுதுல்ல, எடுத்துக்கோ." அப்புறம் மெதுவாக, "அந்தச் செவப்பு அம்புட்டு நல்லாவா இருந்துச்சு?"

கட்டிப்பிடித்ததில் அம்மாவின் தூக்குவாளி உருண்டு ஓடியது.

11 ஜூலை

பெயர் கொடுத்தாயிற்று. கெமிஸ்ட்ரி, கெமிஸ்ட்ரி, கெமிஸ்ட்ரி!

23 ஜூலை, புதன்

லேபில் இன்று பேரியம். பச்சை! ஓடவில்லை. கதவோரத்து மேசையை மட்டும் கேட்டு வாங்கிக்கொண்டேன். அதைச் சொன்ன பிறகுதான் அம்மா சோறு போட்டாள்.