ராக்கிக்குக் காது கேட்காது

ராஜபாளையம்,
ஞாயிறு மதியம்.

அன்பு மகள் ஜாஸ்மினுக்கு அப்பா எழுதுவது. ஆண்டவர் கிருபையில் நானும் அம்மாவும் சுகம், டப்ளின் குளிரில் நீயும் சளி பிடிக்காமல் சுகமாக இருக்க வேண்டும் என்று தினமும் ஜெபத்தில் கேட்கிறோம். போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று நினைப்பாய். போனில் என் குரல் தானாக ஏறிவிடுகிறது, நீயும் சரிப்பா அம்மாகிட்ட குடுங்க என்று சொல்லிவிடுகிறாய், அதனால்தான்.

சோழபுரம் வேலுசாமி போன வருஷம் கொடுத்த வெள்ளை நாய்க்குட்டி, ராக்கி, அவன் போட்டோவை அம்மா அனுப்பியிருப்பாள். எனக்கு இப்போதெல்லாம் கண்ணாடியை, சாவியை எங்கே வைத்தேன் என்றே நினைவிருப்பதில்லை, அவனைத் தேடிக் கொடுக்கப் பழக்கலாம் என்று ஆரம்பித்தேன். கண்ணாடியை மோந்து பார்க்கக் கொடுத்து, கதவுக்குப் பின்னால் ஒளித்து வைத்து, கண்ணாடி எங்கேடா என்பேன், எடுத்து வந்தால் ஒரு துண்டு அவித்த முட்டை. ஒரு சமயம் ஓடிப் போய் எடுத்து வருவான், இன்னொரு சமயம் முதுகைக் காட்டிக்கொண்டு படுத்தே இருப்பான். திமிர் என்று நினைத்துத் தெருவே கேட்கக் கத்துவேன். முப்பது வருஷம் மில்லில் மெஷின் சத்தத்துக்கு மேல் கத்திப் பழகிய தொண்டை, உனக்குத் தெரியாததா. ஊசி போட ஸ்ரீவில்லிபுத்தூர் டாக்டரிடம் கொண்டு போனபோது, அவர் ராக்கிக்குப் பின்னால் நின்று ஒரு எவர்சில்வர் தட்டைக் கீழே போட்டார், இவன் திரும்பவே இல்லை. இந்த வெள்ளை இனத்தில் சிலதுக்குப் பிறவியிலேயே காது கேட்காதாம். கண்ணாடி என்று சொல்லும்போது என்னை அறியாமல் கண்ணைத் தொட்டுக் காட்டுவேன் போலிருக்கிறது, இத்தனை நாளும் அதைப் பார்த்துத்தான் எடுத்து வந்திருக்கிறான். அம்மா அங்கேயே சிரித்துவிட்டாள், காது கேக்காத பிள்ளையப் போட்டு ஒரு வருஷமா கத்தியிருக்கியளே, வீட்ல காது கேக்குறவ நான் ஒருத்திதான, எனக்காவது செத்த கொறச்சிருக்கலாம்லா என்று.

இப்போது எல்லாம் கைதான். கண்ணைச் சுற்றி விரலை வளைத்தால் கண்ணாடி, மணிக்கட்டைத் திருகினால் சாவி, காதில் கை வைத்தால் போன். பக்கத்து வீட்டு ஈஸ்வரி வந்து, அண்ணாச்சிக்கு மேலுக்கு முடியலயா, சத்தத்தையே காணோமே என்று விசாரித்துவிட்டுப் போனாள்.

இதைச் சொல்லத்தான் இவ்வளவு சுற்றி வந்தேன். நீ கிளம்பிய அன்று பாஸ்போர்ட்டைக் காணோம் என்று அந்த ஈஸ்வரி முன்னால் உன்னை எப்படியெல்லாம் திட்டினேன். கடைசியில் அது என் சட்டைப்பையில் இருந்தது. எடுத்துக் கையில் கொடுத்தேனே தவிர ஒரு வார்த்தை சொல்லவில்லை, நீயும் மூன்று வருஷமாகக் கேட்கவில்லை. தப்பு என்னுடையதுதான் ஜாஸ்மின். அன்றிலிருந்து உன் நினைப்பு வந்தால் கண் உன் அறைப் பக்கம் போகிறது, என் கை தானாகச் சட்டைப்பையைத் தட்டிப் பார்க்கிறது. அதையும் ஏதோ தேடச் சொல்கிறேன் என்று ராக்கி எடுத்துக்கொண்டான். தட்டியதும் எழுந்து உன் அறைக்குப் போய், கட்டிலுக்கு அடியில், பீரோவுக்குப் பின்னால், மொட்டை மாடி வரைக்கும் தேடிவிட்டு, வெறும் வாயோடு வந்து என் முகத்தைப் பார்க்கிறான். ஒரு நாளைக்கு நாலைந்து தடவை இப்படி அலைகிறான். எனக்கு மனசு கேட்பதில்லை, முட்டையை மட்டும் கொடுத்துவிடுகிறேன்.

கர்த்தர் உனக்கு நல்ல சுகமும் சமாதானமும் தரட்டும். வேளைக்குச் சாப்பிடு, அம்மா கொடுத்துவிட்ட கம்பளியைப் போட்டுக்கொள். கிறிஸ்மஸுக்கு லீவு கிடைத்தால் வா. வரும்போது கேட்டில் நின்று கூப்பிடாதே, அவனுக்குக் கேட்காது. நேரே உள்ளே வந்து அவன் முன்னால் நில், இத்தனை நாளும் எதைத் தேடினோம் என்று அவனுக்கும் தெரியட்டும்.

இப்படிக்கு,
இனிமேல் கத்தாத உன் அப்பா
ராஜரத்தினம்