நாற்பத்திரண்டு கேள்விகளும் ஒரு ரம்பமும்

மார்ச் 3, ஞாயிறு

வீட்டு முதலீட்டு வகுப்பு இன்றோடு முடிந்தது. வாங்கி வாடகைக்கு விடும் வீட்டை எடைபோட, நாற்பத்திரண்டு கேள்விகள் கொண்ட தாள் ஒன்று கொடுத்தார்கள். பாடம் நடத்தியவர் வாடகை வீட்டில்தான் குடியிருக்கிறார். குடியிருக்கும் வீட்டில் பணத்தை முடக்குவது அறியாமையாம். எல்லோரும் கைதட்டினோம். நான் கொஞ்சம் பலமாகவே.

மார்ச் 10, ஞாயிறு

தரகர் ஒரு வீடு காட்டினார். முதல் மாடி, இரண்டு படுக்கையறை. கீழே பூட்டிய ஷட்டர். "குடோன் மாதிரி ஏதோ சார்" என்றார். கூடத்தின் நடுவில் கண்ணை மூடிக் கால் மணி நேரம் நின்றேன். சத்தமே இல்லை. 'அமைதி' என்ற கட்டத்தில் முழு மதிப்பெண் போட்டேன்.

"உங்கள மாதிரி நுணுக்கமா பாக்குறவங்க இப்ப கம்மி சார்."

பொய் சொல்பவராகத் தெரியவில்லை.

இன்னொருவர் சாயங்காலம் பார்க்க வருகிறார் என்றதும் முன்பணம் கொடுத்துவிட்டேன். மனைவியிடம் கேட்கவில்லை. வீட்டுக்கான பணத்தில் பாதி அவள் சேமிப்பு. பன்னிரண்டு வருடம் ஆஸ்பத்திரி லேபில் நின்று சேர்த்தது. ஆனால் தயங்குபவன் முதலீட்டாளன் அல்ல என்று வகுப்பில் சொல்லியிருக்கிறார்களே.

மார்ச் 12, செவ்வாய்

சொன்னேன். "நாளைக்கு எனக்கு லீவு. சாவி வாங்கிக் குடுங்க" என்றாள். அவ்வளவுதான். கத்தியிருக்கலாம்.

மார்ச் 13, புதன்

மனைவி போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். குடோன் இல்லை. தச்சுப் பட்டறை. வாரத்தில் ஆறு நாள் ரம்ப மெஷின் ஓடும், ஞாயிறு விடுமுறை. படுக்கையறைத் தரையில் வைத்த தண்ணீர் பாட்டில் தானாக நகர்ந்ததாம்.

"நாப்பத்திரண்டு கேள்வி வச்சிருந்தீங்களே, கீழ யாருன்னு ஒருத்தர கேட்டீங்களா?"

கேட்டேனே — எங்க கேட்டேன்? அந்தாளு குடோன்னான், நான் தலையாட்டினேன். கண்ண வேற மூடிக்கிட்டு நின்னிருக்கேன்! எவன் குடிவருவான் அங்க? வேண்டாம்னா முன்பணம் போச்சு. வாங்கினா அவ சேத்தது மொத்தமும் போச்சு.

மார்ச் 14, வியாழன்

வகுப்பு நடத்தியவருக்குப் போன் செய்தேன். இப்படி மாட்டிக்கொண்டவர்களுக்கென்றே அடுத்த கட்ட வகுப்பு இருக்கிறதாம்.

மார்ச் 20, புதன்

மனைவி முதலில் பட்டறைக்குப் போனாள். தச்சர் தினமும் இரண்டு பஸ் மாறி வருகிறவர்.

"மேல வீடு வாடகைக்கு வந்தா வருவீங்களாண்ணே?"

"சத்தமா இருக்குமேம்மா."

"சத்தமே நீங்கதானே."

அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, சமையலறை எந்தப் பக்கம் என்று கேட்டாராம்.

பிறகு வீட்டை விற்பவரை மாடிக்கு வரவழைத்து, மெஷின் ஓடும்போதே விலை பேசினாள். "என்ன சொன்னீங்க? கேக்கலையே" என்று மூன்று முறை கேட்டாள். மூன்று முறையும் விலை இறங்கியது. நானும் கூட இருந்தேன். பையைப் பிடித்துக்கொண்டு.

மே 8, புதன்

பத்திரம் முடிந்து, தச்சர் குடும்பத்தோடு வந்துவிட்டார். மெஷின் நின்றால்தான் இப்போது பிரச்சினை. "ஏன் சும்மா இருக்கீங்க?" என்று அவர் மனைவி மாடியிலிருந்து எட்டிப் பார்க்கிறாராம்.

ஜூன் 11, செவ்வாய்

தரகரிடமிருந்து போன். வேறொரு வீடு வந்திருக்கிறதாம். எத்தனையாவது மாடி, எந்தத் திசை என்று விசாரிக்கத் தொடங்கினேன். பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்.

"சார், அக்கா பக்கத்துல இருக்காங்களா?"

கொடுத்தேன்.