சரள்மேட்டில் ஆள் இருக்கிறோம்

அனுப்புநர்
உ. சொர்ணத்தாய்,
க/பெ. உக்கிரபாண்டி,
சரள்மேடு (கண்மாய்க்கு நடுவே),
முள்ளிச்செவல் கிராமம், புதூர் வழி,
விளாத்திகுளம் வட்டம்,
திருநெல்வேலி மாவட்டம்.

பெறுநர்
உயர்திரு வருவாய்க் கோட்ட அலுவலர் அவர்கள்,
கோவில்பட்டி.

பொருள்: எங்கள் பட்டா நிலமான சரள்மேட்டை ஆள் குடியிருப்பு இல்லாத கண்மாய்ப் புறம்போக்கு என்று எழுதியதை மாற்றவும், தண்ணீரைத் தாண்ட நாங்கள் போட்ட நடைகற்களை அப்புறப்படுத்தும் உத்தரவை நிறுத்தவும் வேண்டுதல்.

பார்வை: கண்மாய்க்கரைக் கருவேலமரத்தில் ஒட்டப்பட்ட அறிவிப்பு (மேல் பாதி மட்டும்).

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். மேற்படி சரள்மேட்டில் நானும், என் கணவரும், எங்கள் ஒரே மகள் ராஜமணியும், பதினேழு ஆடுகளும் மூன்று வருடத்துக்கு மேலாகக் குடியிருந்து வருகிறோம். இந்த மனுவை என் கணவர்தான் எழுதுவதாக இருந்தது. அவர் முதல் வரியிலேயே கோபப்பட்டுவிட்டபடியால் அந்தக் காகிதம் வீணாயிற்று. நான் எட்டாம் வகுப்பு வரை படித்தவள். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளவும்.

1. 1979ஆம் வருடம் ஆவணி மாதம் என் மாமனார் குடும்பத்தில் பாகம் பிரித்தார்கள். ஊருக்குள் இருக்கும் காரைவீடும் கிழக்குக் கரிசலும் என் கணவரின் அண்ணனுக்குப் போயின. எங்களுக்கு வந்தது கண்மாயை ஒட்டிய இந்தச் சரள்மேடு, மூன்று ஏக்கர் அறுபது சென்ட். பருத்தி விளையாது, ஆட்டுக்கிடை போடத்தான் ஆகும் என்று ஊரே சிரித்தது. நாங்கள் ஓலை வேய்ந்த வீடு ஒன்று கட்டிக்கொண்டு அங்கே போய்விட்டோம். கரிசலில் சுவர் வைத்தால் வெயில் காலத்தில் பாளம் பாளமாக வெடிக்கும். சரளில் வைத்த எங்கள் சுவர் இன்றுவரை கீறல் விடவில்லை என்பதைத் தாங்கள் நேரில் பார்க்கலாம்.

2. 1980ஆம் வருடம் கோடையில் வறட்சி நிவாரண வேலையில் கண்மாய்க் கரையை உயர்த்தினார்கள். நானும் என் கணவரும் அந்த வேலைக்குப் போனோம். நாற்பத்தோரு நாள் தலையில் மண் சுமந்தோம். அந்த வருடம் மழை ஏமாற்றிவிட்டது. அடுத்த வருடம் ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டது. ஏழாம் நாள் காலையில் நான் சாணி தெளிக்க வெளியே வந்து பார்த்தபோது நான்கு பக்கமும் தண்ணீர். உயர்ந்த கரை தண்ணீரை நிறுத்த, நின்ற தண்ணீர் எங்கள் மேட்டைச் சுற்றிக்கொண்டுவிட்டது. நாங்கள் சுமந்த மண்தான் எங்களைத் தீவாக்கியது. இதில் எங்களுக்குப் புகார் எதுவும் இல்லை.

3. ஆனால் தண்ணீரோடு வாழ எங்களுக்குத் தெரியவில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். வழக்கம்போல மழைக்கு முன்பே பள்ளத்துப் புழுதியில் கம்பு விதைத்திருந்தோம். அது முழுவதும் மீனுக்குப் போயிற்று. சுற்றிலும் கண்ணுக்கெட்டிய மட்டும் தண்ணீர் கிடக்க, வீட்டுக்குள் நான் பானைக்கு மூடி போட்டு வைத்து, கால் கழுவ ஒரு செம்புக்கு மேல் எடுத்தால் மகளைத் திட்டிக்கொண்டிருந்தேன். பதினைந்து நாள் கழித்து அவள், "ஏம்மா, கண்மாய்க்குள்ள குடியிருந்துக்கிட்டு யாருக்கு மிச்சம் பிடிக்க?" என்று கேட்டாள். அதன்பிறகுதான் எனக்கே உறைத்தது. அன்று அவளை மேட்டோரத்தில் உட்காரவைத்து ஒன்பது செம்பு தண்ணீர் தலையில் ஊற்றினேன். இருவரும் சிரித்த சிரிப்பில் ஆடுகள் மிரண்டு ஓடின.

4. மழை விட்டபின் மூன்று பேருமாக மேட்டைச் சுற்றி வந்து பார்த்தோம். ஒரு சுற்றுக்கு எழுநூற்று நாற்பது காலடி. வடகோடியில் கருவேலங்கூட்டத்தில் நாரைகள் வந்து இறங்கியிருந்தன. அதன் அடியில் மண் அரித்த இடத்தில் பாதி உடைந்த ஆட்டுரல் ஒன்றை ராஜமணி கண்டெடுத்தாள். எந்தக் காலத்திலோ இங்கே ஒருத்தி மாவாட்டியிருக்கிறாள். ஆகவே இந்த மேட்டில் முதன்முதலில் குடிவந்தது நாங்கள் என்று கூறமாட்டேன். ஆள் இல்லாத இடம் என்று மட்டும் இதை எழுதக்கூடாது.

5. ஐயா, அடுத்து வருவது மனுவுக்குத் தேவையா என்று எனக்குத் தெரியவில்லை. ஆனாலும் எழுதாவிட்டால் கற்களின் விவரம் தங்களுக்கு விளங்காது. கல்யாணமாகிப் பதின்மூன்று வருடம் நான் காரைவீட்டில் சின்ன மருமகளாக இருந்தேன். என் மாமியார் பார்வதியம்மாள் கெட்டவர் இல்லை. ஆனால் அந்த வீட்டுக்கு யார் வந்தாலும் மாமியாருடைய விருந்தாளிதான், என்னுடைய விருந்தாளி இல்லை. என் தம்பி வந்தால்கூட நான் கேட்டுத்தான் உலையில் ஒரு கை அரிசி கூடப் போட வேண்டும். என் அப்பா அந்த வீட்டுக்கு நான்கு முறை வந்து, நான்கு முறையும் "வழியிலேயே சாப்பிட்டாச்சு" என்று சொல்லிவிட்டுப் போனார். புதூரிலிருந்து எங்கள் ஊருக்கு வரும் வழியில் சாப்பாட்டுக்கடை எதுவும் கிடையாது என்பது எனக்குத் தெரியும்.

6. மேடு தீவான பிறகு எங்களைத் தேடி ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். எங்கள் பக்கத்துச் சனம் இவ்வளவு தண்ணீரைச் சேர்ந்தாற்போல் பார்த்ததில்லை. கடம்பூரிலிருந்து என் நாத்தனார் பாண்டியம்மாள் ஒரு பொட்டலம் போளியோடு வந்து, ஒரு நாள் தங்குவதாகச் சொல்லி ஐந்து நாள் தங்கினார். தண்ணீரைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டால் கம்பஞ்சோறும் காணத்துவையலும்கூட இன்னொரு கவளம் கேட்கிறது என்றார். வந்தவர்கள் யாரும் சாப்பிடாமல் போனதில்லை. யாரையும் கேட்காமல் நானே உலை வைத்தேன். அது எவ்வளவு பெரிய சந்தோஷம் என்று அலுவலகக் காகிதத்தில் எழுத எனக்குத் தெரியவில்லை.

7. கரைக்கும் மேட்டுக்கும் நடுவே தொண்ணூறு கஜம். தண்ணீர் முழங்காலளவுதான். அதன் அடியில் இருக்கும் கரிசல்தான் வில்லங்கம். ஒரு எட்டு வைத்தால் தொடை வரை இழுத்துக்கொள்ளும். செருப்பு அதோடு போயிற்று. குளத்தூர் உப்பளத்தில் வரப்பு போடும் வேலை பார்க்கும் என் தம்பி நல்லக்கண்ணு இதைப் பார்த்துவிட்டு, "அக்கா, இனிமே வாரவிய யாரும் வெறுங்கையா வரவேண்டாம். பழம், பலகாரம் ஒண்ணும் வேண்டாம். ஆளுக்கொரு கல்லு கொண்டாரச் சொல்லு" என்றான். அன்றிலிருந்து எங்கள் வீட்டு விருந்தாளி என்றால் ஒரு கல். மேட்டில் இருப்பது பொடிச் சரள், சேற்றில் நிற்காது. கரிசலிலோ கல் என்று ஒன்று கிடைக்காது. ஆகவே ஒவ்வொருவரும் வெளியிலிருந்துதான் சுமந்து வந்தார்கள். முதல் நாற்பது கல்லைக் கரிசல் விழுங்கிவிட்டது. அதற்கு மேல் வைத்தவை நின்றன. இன்றுவரை மொத்தம் இருநூற்றுப் பன்னிரண்டு கல். அதில் ஒரே ஒரு கல் மட்டும் ரயில்வே இலாகாவைச் சேர்ந்தது. கொண்டுவந்தவர் பெயரைக் கூற விரும்பவில்லை. அவர் கடம்பூர்க்காரர்.

8. என் அப்பா சுடலைமாடன் அந்தக் கார்த்திகையில் வந்தார். அப்போது அவருக்கு எழுபத்தொரு வயது. துவைகல் பருமனில் ஒரு தட்டைக்கல்லைத் துண்டில் கட்டிப் பேருந்தில் கொண்டுவந்தார். நடத்துநர் கல்லுக்கு லக்கேஜ் டிக்கெட் கேட்டாராம். "மக வீட்டுக்குக் கொண்டுபோற சீரு இது. இதுக்கு என்னத்துக்குப்பா டிக்கெட்டு?" என்று அப்பா கேட்டிருக்கிறார். அந்த நல்ல மனிதரும் விட்டுவிட்டார். மேட்டில் ஏறும் இடத்தில், கடைசிப் படியாக அந்தக் கல்லை அப்பா தன் கையாலேயே பதித்தார். அன்று முதன்முறையாக என் வீட்டில் சாப்பிட்டார். கெண்டைமீன் குழம்பு. மூன்று முறை சோறு வாங்கினார். சென்ற ஆடியில் அவர் காலமாகிவிட்டார்.

9. இனி புகாருக்கு வருகிறேன். சென்ற 14.12.1982 அன்று எங்கள் கிராம அலுவலர் கண்மாயைப் பார்வையிட வந்தார். வேலைக்குப் புதியவர், நல்ல பிள்ளை. அவரைப் பற்றி எனக்கு மனத்தாங்கல் இல்லை. அவர் போட்டிருந்த புதுச் செருப்பைப் பற்றியும் நான் குறை கூறவில்லை. அவர் கரையிலேயே குடை பிடித்து நின்றார். ராஜமணி இங்கிருந்து கையை ஆட்டிக் கூப்பிட்டாள். அவரும் கையை ஆட்டிவிட்டு, பக்கத்தில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த பிச்சையாவிடம் மேட்டில் யார் குடியிருக்கிறார்கள் என்று விசாரித்தார். பிச்சையா, "அங்கன ஆளா? நாரைதான் சார் இருக்கு. ஓலைக்கொட்டகை ஆட்டுக்குப் போட்டது. கையாட்டுதது குளிக்க வந்த பிள்ளை" என்று கூறியிருக்கிறார். மேற்படி பிச்சையா உண்மை பேசியதாக எங்கள் ஊரில் இதுவரை யாரும் குற்றம் சாட்டியதில்லை. இது தெரியாமல் அலுவலர் அதை அப்படியே எழுதிக்கொண்டு போய்விட்டார்.

10. அதன் பலனாக வந்த அறிவிப்பை, எங்கள் வீட்டுக்குக் கதவு எண் இல்லாததால், கரைக் கருவேலமரத்தில் ஒட்டிவிட்டுப் போனார்கள். நாங்கள் பார்க்கும்முன் அதன் கீழ்ப் பாதியை ஆடு தின்றுவிட்டது. எங்கள் ஆடு இல்லை, பிச்சையாவின் ஆடு. மீதியில், சரள்மேடு குடியிருப்பு இல்லாத புறம்போக்கு என்றும், நீர்ப்பிடிப்பில் "அடையாளம் தெரியாத நபர்கள்" போட்ட கல் தடுப்பு அப்புறப்படுத்தப்படும் என்றும் இருக்கிறது. கெடுத் தேதி ஆட்டின் வயிற்றுக்குள் போய்விட்டதால், நான் விளாத்திகுளம் போய் விசாரித்தேன். இம்மாதம் 31ஆம் தேதி என்றார்கள்.

11. இதைக் கேட்டதிலிருந்து என் கணவர் இரண்டு நாளாகக் கரைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். எனக்குப் பயமாக இருக்கிறது, ஐயா. இந்த வீடு போனால் நாங்கள் திரும்பக் காரைவீட்டுக்குத்தான் போக வேண்டும். அங்கே சோறு கிடைக்கும். ஆனால் என்னைப் பார்க்க வருகிறவர்களுக்கு நான் மறுபடியும் கேட்டுத்தான் தண்ணீர் கொடுக்க வேண்டும்.

12. கற்களைத் தடுப்பு என்று எழுதியிருப்பதும் சரியில்லை. ஒரு எட்டுக்கு ஒரு கல்லாக இடைவிட்டுத்தான் போட்டிருக்கிறோம். கல்லுக்கும் கல்லுக்கும் நடுவே கெண்டைமீன் தாராளமாகப் போய்வருகிறது. மீனுக்கு இருக்கும் வழி தண்ணீருக்கு இல்லாமல் போகாது. "அடையாளம் தெரியாத நபர்கள்" என்பதும் தவறு. எந்தக் கல் யாருடையது என்று ராஜமணி கரையிலிருந்து வீடு வரை பெயர் சொல்லிக்கொண்டே நடந்து வருவாள்.

13. ஆகவே ஐயா அவர்கள் தயவுகூர்ந்து, தண்ணீரைத் தாண்டி வந்து பார்க்கும் ஒருவரைக் கொண்டு மறு விசாரணை செய்யவும், அதுவரை 31ஆம் தேதி உத்தரவை நிறுத்திவைக்கவும், எங்கள் வீட்டுக்கு ஒரு கதவு எண் வழங்கவும் வேண்டுகிறேன். கதவு எண் இருந்தால் அடுத்த முறை அரசாங்கக் காகிதம் ஆட்டுக்கு இரையாகாது. கற்களில் எதை எடுக்கச் சொன்னாலும் தாங்கள் பெரியவர், சொல்லலாம். மேட்டோரத்துத் தட்டைக்கல் ஒன்றை மட்டும் எடுக்கச் சொல்லாதீர்கள்.

14. மாசி முடியும்வரை தண்ணீர் இருக்கும். அதற்குள் தாங்களே ஒருநாள் வந்தால் நாங்கள் பெரும் பாக்கியமாக நினைப்போம். கிராம அலுவலரையும் கூட அழைத்து வரவும். செருப்பைக் கரையில் கழற்றினால் பிச்சையா காவல் இருப்பதாக ஒப்புக்கொண்டிருக்கிறார். நாங்கள் தங்களிடம் எதையும் எதிர்பார்க்கவில்லை. ஆனால் எங்கள் வீட்டு வழக்கம் தாங்கள் அறிந்ததே. அப்பாவின் கல்லுக்கு முந்தின எட்டில் வைத்த கல்லைச் சென்ற வாரம் கரிசல் இழுத்துக்கொண்டது. அந்த ஒரு இடம் இப்போது காலியாக இருக்கிறது.

தங்களுக்கும் சேர்த்து உலை வைக்கக் காத்திருக்கும்,
உ. சொர்ணத்தாய்.

நாள்: 7.1.1983
இடம்: சரள்மேடு (ஆள் குடியிருக்கும் இடம்)

இணைப்பு:
பாகப்பிரிவினைப் பத்திரம், பட்டா, மூன்று வருடத் தீர்வை ரசீது ஆகியவற்றின் நகல்கள்.
ஆடு தின்றது போக மீதி அறிவிப்பு.
"நான் சொன்னது விளையாட்டுக்கு. அங்கன ஆள் இருக்கு" என்று பிச்சையா கூறி வைத்த இடது கைப் பெருவிரல் ரேகை.