அரைமணி நோட்டு

அக்கா,

இன்று காலை முட்டை அட்டை டிசைன் என் கையிலேயே கிழிந்துபோனது. நீங்கள் படம் வரைந்து, கோடு நெடுக ஊசியால் குத்தி ஓட்டை போட்ட அந்தப் பட்டர் பேப்பரை ஒரு ஆர்டர் ஜாக்கெட் துணியின்மேல் விரித்து, படம் துணியில் இறங்க வெள்ளைப் பொடி கலந்த மண்ணெண்ணெயைத் தொட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தேன். எத்தனை கல்யாணப் பெண்களின் முதுகுக்கு அந்தத் தாள் உழைத்திருக்கும்! ஓட்டைகள் ஒன்றோடொன்று சேர்ந்து நடுவில் பிளந்துவிட்டது. மண்ணெண்ணெய் வாடை மூக்கில் ஏறியதும் உங்கள் விரல்கள் ஞாபகத்துக்கு வந்தன. சோறு பிசையும்போதுகூட இந்த வாடை விடுவதில்லை என்று சிரிப்பீர்கள்.

அந்த நேரம் பார்த்து எதிரே ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். கொண்டப்பநாயக்கன்பட்டிக்காரி. அவளுடைய அக்கா கல்யாணத்துக்கு நாம்தான் ஜாக்கெட்டில் ஆரி ஊசிப் பூவேலை செய்து கொடுத்தோம். "எங்கக்கா போட்டது வேண்டாமுங்க. இதுவரைக்கும் யாருமே போடாததா வேணும்" என்றாள்.

"வரையறவங்க இல்லைங்களே."

"எப்ப வருவாங்க?"

அடுத்த வாரம் போன் செய்யச் சொல்லி அனுப்பிவிட்டேன். பொய் எனக்கு எப்போதும் சரளமாக வரும். உங்களுக்குத்தான் வராது. பிற்பாடு கற்றுக்கொண்டீர்கள், அதுவும் என்னால்.

ஆட்டையாம்பட்டி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால், மாடியில் இந்த ஒற்றை அறைதான் நம் கடை. தையல் என் பாடு, படமும் பூவேலையும் உங்கள் பாடு. பரமத்தி வேலூரிலிருந்து இங்கே வாக்கப்பட்டு வந்தவர் நீங்கள். என்னைவிட ஆறு வயது மூத்தவர். இருந்தும் கடையில் அதிகாரம் என்னுடையது. நான் வாயாடி, நீங்கள் வாயில்லாப்பூச்சி. வேறு காரணம் எதுவும் இல்லை.

தினமும் நான்கு மணிக்கு ஊசியை வைத்துவிட்டு ஜன்னலோரம் போய் உட்கார்ந்துவிடுவீர்கள். டீ ஆறி ஆடை கட்டும். அரை மணி நேரம் தெருவைப் பார்ப்பீர்கள். ஒருநாள் எதிர் பேக்கரியில் முட்டை இறக்கிவிட்டுக் காலி அட்டைகளை வெயிலில் அடுக்கினார்கள். "சாமி, இங்க வந்து பாரேன். மேடும் குழியுமா எத்தன அழகா இருக்குது!" என்று என்னைக் கூப்பிட்டீர்கள். எட்டிப் பார்த்தேன். எனக்கு அட்டைதான் தெரிந்தது. மறுநாள் அது ஒரு பெண்ணின் முதுகில், குழிக்கொரு முத்தாக, தங்க நூலில் ஏறி உட்கார்ந்துவிட்டது. அந்தப் போட்டோ போன் போனாகச் சுற்றியது. சேலத்திலிருந்தும் நாமக்கல்லிலிருந்தும் பெண்கள் படியேறி வந்தார்கள்.

அப்போதுதான் எனக்குப் புத்தி கெட்டது. சிறுதொழில் செய்கிற பெண்கள் நேரத்தை எப்படிக் கட்டி ஆள்வது என்று போனில் ஒரு வகுப்பில் சேர்ந்தேன். அரை மணிக்கு ஒரு வரி, என்ன செய்தோம் என்று எழுதவேண்டும், நேரம் எங்கே ஒழுகுகிறது என்று தெரிந்துவிடும் என்றார்கள். நீள நோட்டு இரண்டு வாங்கிவந்து ஒன்றை உங்கள் கையில் திணித்தேன்.

முதல் நாளே நீங்கள் முத்து முத்தாக எழுதியிருந்தீர்கள்: 'நாலு மணி, சும்மா இருந்தேன்.' நான் சிவப்புப் பேனாவால் அடிக்கோடு போட்டேன்.

"சும்மாத்தான் சாமி உக்காந்திருந்தேன். பொய்யா எழுதச் சொல்ற?"

"பொய் எழுதச் சொல்லலைங்க்கா. சும்மா இருக்காதீங்கன்னு சொல்றேன்."

என்ன ஒரு சாமர்த்தியமான பதில்! அன்றைக்கு எனக்கே என்மேல் பெருமையாக இருந்தது. மூன்றாவது வாரம் உங்கள் நோட்டில் 'சும்மா' என்ற சொல்லே இல்லை. நாலு மணி, ஜாக்கெட்டுக்குக் கல் ஒட்டினேன். நாலு மணி, நூல் பிரித்தேன். அந்தப் பக்கத்தைப் போட்டோ எடுத்து வகுப்புக் குழுவில் போட்டேன். கைதட்டல் படங்களாக வந்து குவிந்தன. வாரத்துக்கு மூன்று ஜாக்கெட் முடித்த இடத்தில் ஐந்து முடித்தோம். அதற்குப் பிறகு நீங்கள் புதிதாக ஒரு டிசைன்கூட வரையவில்லை. நான் கவனிக்கவே இல்லை. நோட்டில் அதற்கென்று வரி கிடையாது.

ஆவணி முகூர்த்தம் வந்தது. நிற்க நேரமில்லை. 'கல் வாங்க, சேலம்' என்று உங்கள் நோட்டில் இரண்டு நாள் இருக்கிறது. இரண்டாம் முறை மதியம் இரண்டு மணிக்கு வேர்த்து விறுவிறுத்துப் படியேறி வந்தீர்கள், கையில் கல் பொட்டலம். நான் கடிகாரத்தைப் பார்த்தபடியே கேட்டேன்: "கல்லு வாங்க நாலு மணி நேரமாங்க்கா?"

"பஸ்ஸு கெடைக்கல சாமி" என்றீர்கள். தண்ணீர்கூடக் குடிக்காமல் வேலையில் உட்கார்ந்தீர்கள்.

நீங்கள் கண்ணை மூடிய பதினாறாம் நாள் உங்கள் வீட்டுக்காரர் என்னிடம் சொன்னார். "வவுத்து வலின்னு, கல்லு வாங்கப் போன அன்னைக்குச் சேலத்துல ஆஸ்பத்திரிக்குப் போயிருக்காளுங்க. ஸ்கேன் எடுக்கச் சாயங்காலம் வரைக்கும் இருக்கச் சொன்னாங்களாம். ரெண்டு மணிக்குள்ள கடையில இருக்கோணும்னு கெளம்பி வந்துட்டாளுங்க. எனக்கே பொறவுதான் தெரியும்." அவர் குரலில் என்மேல் குற்றம் எதுவும் இல்லை. திட்டியிருந்தால் காலில் விழுந்து அழுதிருப்பேன். அதற்கும் வழியில்லாமல் போயிற்று.

அப்போதே பார்த்திருந்தாலும் இதுதான் நடந்திருக்கும் என்று சிலர் ஆறுதல் சொல்கிறார்கள். இருக்கலாம். அந்த 'இருக்கலா'மை வைத்துக்கொண்டு ஒரு வாய் சோறு இறங்க மாட்டேன் என்கிறது.

உங்கள் நோட்டைப் புரட்டிப் பார்க்கிறேன். எந்த வரி நிஜம், எந்த வரி எனக்காக எழுதியது என்று கண்டுபிடிக்க முடியவில்லை. நான் அளவெடுக்க வெளியே போன நாட்களில் 'கல் ஒட்டினேன்' என்று எழுத்துக் கோணலாக இருக்கிறது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு தரையில் சுருண்டு கிடந்த அரை மணிகள் அவைதானா? உங்களைக் கேட்கவும் முடியாது.

வகுப்பை விட்டுவிட்டேன். இப்போது நான்கு மணிக்கு உங்கள் ஜன்னலில் நானும் உட்கார்ந்து பார்க்கிறேன். ஒன்றும் வரவில்லை. பேக்கரி பேக்கரியாக இருக்கிறது, பஸ் பஸ்ஸாக இருக்கிறது. போனில் டிசைன் பார்த்துக் காப்பியடித்தால், "இதைத்தான் நானும் பார்த்தேனுங்க" என்று வருகிற பெண்கள் எழுந்து போகிறார்கள். கொண்டப்பநாயக்கன்பட்டிப் பெண்ணுக்கு நாளைக்கு நானே போன் செய்து முடியாது என்று சொல்லப்போகிறேன். அடுத்த தைமாதம் வரை கடை தாங்குமா என்பதே சந்தேகம். தாங்கி என்ன ஆகப்போகிறது என்றும் இருக்கிறது.

உங்களைக் கடைசியாகப் பார்த்தது மார்கழி மாதம். ஆஸ்பத்திரிக் கட்டிலில் பாதியாகக் கிடந்தீர்கள். கையைப் பிடித்தேன். வெகுநேரம் என்னையே பார்த்துவிட்டு, தயங்கித் தயங்கிக் கேட்டீர்கள்: "இன்னைக்கெல்லாம் படுத்தேதான் கெடந்தேன் சாமி. நோட்டுல என்னன்னு எழுதறது?"

அப்போதாவது அந்த நோட்டைக் கொளுத்திவிடுகிறேன் என்று சொல்லியிருக்கலாம். என்னை மன்னித்துவிடுங்கள் என்று கேட்டிருக்கலாம். பாழாய்ப்போன என் வாயில் வந்தது இதுதான்: "மார்கழிதானுங்க்கா, முகூர்த்தம் இல்ல. எழுத வேண்டாம், விடுங்க."

நீங்கள் சரி என்று தலையாட்டினீர்கள். முகத்தில் ஒரு நிம்மதி வந்தது. நான் லீவு கொடுத்துவிட்டேன் என்ற நிம்மதி, அக்கா. சாகக் கிடந்தபோதும் நீங்கள் என்னிடம் அனுமதிதான் கேட்டீர்கள். நானும் கொடுத்தேன்.